ஐந்து சுற்று

எங்கள் ஊரில் கட்டைவண்டி வைத்திருந்தவர்கள் பலர். வில்வண்டி வைத்திருந்தவர்கள் இருவரோ மூவரோதான்; என் பாட்டனார் அவர்களில் ஒருவர். அச்சுக்கும் வண்டிப் பெட்டிக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய அந்த வண்டி, மேட்டிலும் பள்ளத்திலும் சக்கரம் படும் அவஸ்தையை உள்ளே திண்டில் சாய்ந்திருப்பவருக்கு முழுவதும் தெரியவொட்டாமல் தடுத்தது என்பதனாலேயே, அதன் சொந்தக்காரருக்கு ஊரில் ஒரு தனி மரியாதை இருந்தது. ஆனால் அந்தச் சௌகரியத்திலும் ஒரு குறை உண்டு. பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டிப் பெட்டி, குழந்தையைப் போட்டு ஒரு தரம் வீசிவிட்ட தூளியைப் போல, தானாக ஓயும் மட்டும் மேலும் கீழும் அசைந்துகொண்டே போகும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதனால் ஏதோ ஓரளவு அடங்குமே தவிர, அந்த ஆட்டத்தை அடக்குவதற்கென்று பிரத்தியேகமான கருவி எதுவும் அதில் கிடையாது.

வில் ஒன்று, அதை அடக்கும் கருவி ஒன்று என்ற இந்த இரண்டின் உறவை அறுபது வயதுக்கு மேல், இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரத்தில், வாடகைக்கு எடுத்த ஓர் ஒற்றைக் கார்க் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு நான் கற்க நேர்ந்ததற்கு என் அண்ணன் மகன்தான் காரணம். 1896-இல் டெய்ம்லர் கம்பெனி தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து மோட்டார்த் தொழிலையே ஜீவனமாகக் கொண்ட நகரம் அது. அங்கே என்ஜினீயராக இருக்கும் அவன், நான் புறப்படுவதற்கு முந்தின வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, “சித்தப்பா, இந்தத் தடவ வரும்போது பழைய சட்டை ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க” என்றான். ஊறுகாய் கேட்பான், அப்பளம் கேட்பான் என்று காத்திருந்தவனுக்கு விஷயம் அப்போது விளங்கவில்லை.

கொட்டகையில் நின்றது ஒரு மாஜ்டா எம்எக்ஸ்-5, 1991-இல் செய்தது, விளக்குகள் இமைபோல் மேலெழும்பித் திறக்கும் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளர் மாஜ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம், ஆங்கிலேயர் செய்துவந்த சின்னஞ்சிறு திறந்த கார்கள் மறைந்துவிட்டனவே, அவற்றை நீங்கள் ஏன் செய்யலாகாது என்று கேட்டதிலிருந்து தொடங்கி, ஹிரோஷிமாவில் தோஷிஹிகோ ஹிராயின் தலைமையில் உருவாகி, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக வெளிப்பட்ட வண்டி இது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும், அமெரிக்காவில் மியாட்டா என்றும் பெயர். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே உடலாக வேண்டும் என்ற பொருள்படும் ஒரு ஜப்பானியத் தொடரை மந்திரமாக வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்தார்களாம். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் அவர்களுக்கு ஆதர்சமாக இருந்தது என்பதை எவரும் மறைக்கவில்லை. ஆயிரம் கிலோவை எட்டாத எடை, 1.6 லிட்டர் என்ஜின், இரண்டே இருக்கை. இவற்றோடு, விலை குறைந்த கார்களில் அபூர்வமாக, நான்கு சக்கரங்களுக்கும் மேலும் கீழுமாக இரட்டை விஷ்போன் கைகள். ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது இந்த இரண்டு கைகளும் சேர்ந்து அதன் சாய்மானத்தைத் திட்டமாக மாற்றிக்கொடுப்பதனால், வளைவில் வண்டி சாய்ந்தாலும் டயரின் முகம் சாலையை விட்டு விலகுவதில்லை.

இத்தகைய வண்டிக்கு அவன் மாட்ட உத்தேசித்திருந்தது ‘காயிலோவர்’ என்னும் சாதனம். ஷாக் அப்சார்பரின் மேல் ஸ்பிரிங்கைச் சுற்றி மாட்டியது என்பதற்கு மேல் அந்தப் பெயருக்கு அர்த்தம் இல்லை. பார்க்கப்போனால் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய உறுப்பும் அதே வடிவந்தான். வித்தியாசம் உடலில் இருக்கிறது. புதியதின் உருளை நெடுகப் போல்ட்டுக்கு இருப்பதுபோல மரை வெட்டி, அதில் இரண்டு வளையங்களை ஓட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிங்கின் அடிப்பாகம் மேல் வளையத்தில் உட்கார்ந்திருக்கும். கீழ் வளையம் அதைப் பூட்டி வைக்கும். கொக்கி போன்ற ஒரு ஸ்பானரால் வளையத்தை ஏற்றினால் வண்டி ஏறும், இறக்கினால் இறங்கும். தண்டின் உச்சியில் உள்ள ஒரு குமிழைத் திருகினால் உள்ளே எண்ணெய் ஓடும் துவாரம் சுருங்கும், விரியும். அவன் வாங்கியதில் அதற்கு 32 கிளிக்குகள்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரைக் குறித்தே எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அது அன்று; ஸ்பிரிங்தான். அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்ட ஸ்பிரிங் அதை உடனே திருப்பிக் கொடுக்கத் துடிக்கும்போது, எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியாகப் பிழிந்து அந்தத் துடிப்பை வெப்பமாக்கிக் காற்றில் கரைத்துவிடுவதே இதன் உத்தியோகம். என் பாட்டனாரின் வில்வண்டிக்கு இல்லாமற்போனது இதுதான்.

ஸ்பிரிங்கின் தர்மத்தைக் கண்டு சொன்னவர் ராபர்ட் ஹூக். அதை ஒருவரும் களவாடாதபடி, வாக்கியத்தின் எழுத்துக்களைக் கலைத்துப்போட்டு 1676-இல் புதிராக வெளியிட்டு, 1678-இல் விடையைச் சொன்ன சந்தேகப் பிராணி அவர். எவ்வளவு பாரமோ அவ்வளவு அமுங்கல் என்பதே விடை. அண்ணன் மகன் வாங்கியிருந்த முன் ஸ்பிரிங்குகள் ஒரு மில்லிமீட்டர் அமுங்குவதற்கு 8 கிலோ பாரம் கேட்பவை. பின்பக்கத்தவை 6 கிலோ. பழைய ஸ்பிரிங்குகளின் முரட்டுத்தனம் இதில் பாதிகூட இல்லை.

இங்கே ஒரு பரவலான மயக்கத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும்; ஏனென்றால், இந்தச் சாதனத்தை வாங்குகிறவர்களில் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். வளையத்தை ஏற்றி ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைத்தால் அது இன்னும் கடினமாகிவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் மூலை ஒன்றின் பாரம் 210 கிலோ என்றும், சக்கரம் பத்துப் பங்கு அசைந்தால் ஸ்பிரிங் ஏழு பங்குதான் அசைகிறது என்றும் வைத்துக்கொண்டால், நெம்புகோலின் விதிப்படி ஸ்பிரிங்கின் தலையில் விழுவது 300 கிலோ. எட்டால் வகுத்தால், அது அமுங்கவேண்டிய அளவு 37, 38 மில்லிமீட்டர். வளையம் எங்கே இருந்தாலும், தரையில் நிற்கும் வண்டியின் ஸ்பிரிங் இந்த 38-ஐத்தான் அமுங்கி நிற்கும். முன்கூட்டியே 10 அமுக்கி வைத்திருந்தால் பாரம் வந்தபின் மீதி 28 அமுங்கும், அவ்வளவே. எட்டுக் கிலோ ஸ்பிரிங் எட்டுக் கிலோ ஸ்பிரிங்காகவே இருக்கிறது. மாறுவது வண்டியின் உயரம் ஒன்றுதான்.

அந்த ஏழுக்குப் பத்து விகிதத்தை இருமுறை பெருக்கினால், 8 கிலோ ஸ்பிரிங்கின் கடினம் சக்கரத்தை எட்டும்போது 4 கிலோவுக்கும் சற்றுக் குறைந்துபோகிறது. அதைக்கொண்டு கணக்கிட்டால் வண்டியின் முன்புறம் விநாடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல் ஆடும். பழைய ஸ்பிரிங்கில் அது ஒன்றே காலாக இருந்தது. 1930-களில் அமெரிக்காவில் காடிலாக் கார்களோடு மல்லாடிய மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேய என்ஜினீயர், முன்புறத்தைவிடப் பின்புறம் சற்று விரைவாக ஆடும்படி செய்தால், முதலில் மேட்டில் ஏறிய முன்பக்கத்தைப் பின்பக்கம் எட்டிப் பிடித்து, வண்டி குதிரைபோல் முன்னும் பின்னும் தலையாட்டுவது அடங்கும் என்று கண்டுகொண்டார். பந்தய வண்டிகளைச் செய்கிறவர்கள் வேறு காரணங்களுக்காக இதைச் சில சமயம் மீறுகிறார்கள். சாலையில் போகிறவர்கள் மீறாதிருப்பது இடுப்புக்கு நல்லது.

சித்தாந்தம் இவ்வளவும் தெரிந்திருந்த அண்ணன் மகனுக்கு முதல் சோதனை ஒரு போல்ட்டின் உருவில் வந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டும் தேசம் அது. முப்பது வருஷத்து உப்புநீரைக் குடித்த வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்பதை, நம் கடற்கரையோரத்து ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். முன்பக்கம் இரண்டும் பிற்பகலுக்குள் கழன்றுவிட்டன. பானெட்டுக்கடியில் மேல் நட்டுகள் இரண்டு, கீழே போல்ட் ஒன்று. சக்கரத் தொகுதியைக் கீழே அழுத்திப் பழையதை வளைத்து உருவி எடுக்கச் சிறிது இடம் வேண்டுமாகையால், நிலைப்படுத்தும் கம்பியின் இணைப்பையும் மேல் விஷ்போனின் நீண்ட போல்ட்டையும் கழற்றினோம். பின்பக்கத்தில், கீழ் விஷ்போனின் நுனியில் ஒரு சாண் நீளப் போல்ட் ஒன்று, தன்னைச் சுற்றியுள்ள இரும்புக் குழாயோடு துருவினால் ஒட்டி ஐக்கியமாகிவிட்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஒரு ராத்திரி காத்திருந்தோம். சூடு காட்டினோம். ஸ்பானரின் பிடியில் ஒரு கெஜ நீளக் குழாயைச் செருகி இருவரும் தொங்கினோம். இரண்டாம் நாள் மாலை, துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சப்தம், போல்ட் முறிந்துவிட்டதென்று நான் கண்ணை மூடிக்கொள்ள, அவன், “சித்தப்பா, அசைஞ்சிருச்சு!” என்று கத்தினான். கால் சுற்று அசைந்த அந்தப் போல்ட் முழுவதும் வெளியே வர மேலும் இரண்டு மணி நேரம் பிடித்தது. அதன் இடத்தில் புதியதைச் செம்புப் பசை தடவித்தான் மாட்டினான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுவதில்லை என்பதிலும், பிரேக் காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடுவதில்லை என்பதிலும் அவன் வெகு கண்டிப்பு. பழைய உறுப்பின் ஸ்பிரிங்கைப் பிரிக்கவேண்டிய அவசியம் ஏற்படாமல் மேல்மூடியோடு கூடிய புதிய ஜோடியையே வாங்கியதையும் நான் மெச்சினேன். அமுக்கி வைத்த ஸ்பிரிங் கைநழுவினால் அது ஹூக்கின் விதியை மண்டையில் எழுதிக்காட்டும்.

இவ்வளவு ஜாக்கிரதையிலும் ஒரு பிழை நேர்ந்தது. நாலு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கும்போதே விஷ்போன்களின் போல்ட்டுகள் அத்தனையையும் அவன் முடுக்கி முடித்துவிட்டான். அந்த மூட்டுகளில் இருப்பது ரப்பர். உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முடுக்கினால் உள்குழாய் அங்கேயே பிடித்து நின்றுவிடும். அதன்பிறகு கை அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதனால்தான். தொங்கும் நிலையில் முடுக்கி, பிறகு தரையில் இறக்கினால், அத்தனை ரப்பரும் முறுக்கிய துணியாகி, ‘மேலே தூக்கு, மேலே தூக்கு’ என்று வண்டியை எக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் வண்டி நின்றது. அதுவும் இடப்பக்கம் ஒரு விரல் கூடுதலாக. ஒரு வாரம் வளையங்களைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கொட்டகையில் பழைய மோட்டார் சைக்கிள்களோடு வாழும் வயோதிக ஆங்கிலேயர் ஒருவர் ஒரே கேள்வி கேட்டபிறகுதான் காரணம் புரிந்தது. சக்கரங்களின் கீழ் மரப்பலகைகளை அடுக்கி, வண்டியைத் தன் சொந்தப் பாரத்தில் நிற்கவைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்தி மறுபடி முடுக்கினோம். தளர்த்திய கணத்தில் வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் தாழ்ந்ததை நான் பார்த்தேன்.

உயரத்தை அளப்பது டயரின் காற்றையும் பருமனையும் நம்பாமல் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரைக்கும். இந்த வண்டிக்கு முன்னால் 325 மில்லிமீட்டர், பின்னால் 335 என்பது, அநுபவஸ்தர்கள் நிதானமாக ஒப்புக்கொள்ளும் அளவு. அண்ணன் மகன் முன்னால் 300-இல் நிறுத்தினான். ஏன் என்று கேட்டதற்கு, “பாத்தா நல்லா இருக்கு, சித்தப்பா” என்றான். மறுப்பதற்கில்லை, நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு பந்தயப் பட்டறையில் நான்கு தராசுகளை வாடகைக்கு எடுத்து, ஓட்டுநர் இருக்கையில் அவன் எடைக்குச் சமமான மூட்டைகளை வைத்து, மூலைக்கு மூலை எடை பார்த்தார்கள். கயிற்றுக் கட்டிலின் ஒரு காலுக்கடியில் சல்லி வைத்தால் அந்தக் காலிலும் அதற்கு எதிர்மூலைக் காலிலும் பாரம் கூடி, மற்ற இரண்டும் இலேசாவது நமக்குத் தெரியும்; இதுவும் அதே கதை. ஒரு மூலைக்கு எதிர்மூலையாகக் கூட்டிய எடை மொத்தத்தில் பாதியாக வேண்டும். 52 சதமாக இருந்ததை வளையங்களில் அரைச் சுற்றும் கால் சுற்றுமாகத் திருகி 50-க்குக் கொண்டுவர அந்தப் பொழுது முழுவதும் ஆயிற்று.

அலைன்மென்ட் அதற்கு மறுநாள். சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். அதை ஒன்றரை பாகைக்கு வைத்தார்கள். டோ என்பதை வண்டிமாடு பூட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளும் மூக்கை ஒன்றையொன்று நோக்கித் திருப்பி நடந்தால் வண்டி நேரே போகும், ஆனால் சோம்பலாகப் போகும், வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டால் எந்தச் சின்னச் சாக்குக்கும் திசை மாறும். முன்னால் நேராகவும், பின்னால் இம்மியளவு உள்நோக்கியும் வைத்தார்கள். உயரம் குறைந்ததனால் முகவிளக்குகளின் நோக்கும் தாழ்ந்துபோயிருந்தது. அதையும் சரிசெய்து, மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப்போட்டான்.

அதன்பிறகு மூன்று வாரம் அவன் கிளிக்குகளோடு யுத்தம் செய்தான். நேர்ச்சாலையில் வண்டி அம்புபோல் போயிற்று. ஆனால் வளைவின் நடுவில் ஒரு சிறு மேடு வந்தால் முன்சக்கரம் திடீரென்று கல்லில் மோதினாற்போல் தடுக்கி வெளிப்பக்கம் நழுவிற்று. முழுக் கடினத்திலிருந்து 16 கிளிக் தளர்த்தினால் தடுக்கல். 22 தளர்த்தினால் அதிகத் தடுக்கல். 8-க்கு இறுக்கினால் தடுக்கல் குறைந்து பல் கடகடத்தது. ஒருநாளைக்கு ஒன்றைத்தான் மாற்றுவது, மாற்றியதை உடனே எழுதிவைப்பது என்று நோட்டுப் புத்தகம் போட்டு ஒழுங்காக நடத்தியதில் எனக்கு மெத்தத் திருப்தி. நோயைத் தவறாகக் கண்டுபிடித்த வைத்தியர்களும் மருந்தை ஒழுங்காகத்தான் எழுதுகிறார்கள். தளர்த்தும்போது நோய் முற்றுகிறதே, ஷாக் அப்சார்பரின் முரட்டுத்தனம் காரணமானால் குறையவல்லவா வேண்டும் என்று அந்தப் பக்கத்துக் கொட்டகை வயோதிகர்தான் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு பிளாஸ்டிக் நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

தண்டின் மேற்பகுதியில், உருளை முட்டி மோதாமலிருக்க, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க் கட்டை ஒன்று உண்டு. நாடாவை உருளையின் வாயருகே தண்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினோம். உருளை மேலேறும்போதெல்லாம் நாடாவைத் தள்ளிக்கொண்டு போகும். இறங்கும்போது நாடா எட்டிய இடத்திலேயே நிற்கும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி. வழக்கமான பாதையில் அரைமணி ஓட்டிவிட்டு வந்து, சக்கரத்தை வளைத்து ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையே டார்ச்சு அடித்துப் பார்த்தோம். நாடா ரப்பர்க் கட்டையின் கீழ்விளிம்பில் நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது.

வண்டியைத் தாழ்த்திய ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரம் மேலேறுவதற்கு இருந்த இடத்தைத் தின்றிருக்கிறது. மூன்று வாரமாக அவன் ஓட்டியது எட்டுக் கிலோ ஸ்பிரிங்கின்மேல் அன்று, ஒரு ரப்பர்த் துண்டின்மேல். கீழ்ப்பாதம் தனியாக மரையில் ஓடும் வகையாயிருந்தால் உருளையின் ஓட்டம் குறையாமலே வண்டி தாழ்ந்திருக்கும். ஆனால் அப்போது ரப்பர்க் கட்டைக்குப் பதிலாக டயரே மட்கார்டைத் தேடிப் போயிருக்கும்.

அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கொக்கி ஸ்பானரை எடுத்தான். மரையின் இடைவெளி 2 மில்லிமீட்டர். ஐந்து சுற்று ஏற்றினால் ஸ்பிரிங்கில் 10, சக்கரத்தில் 14. “முந்நூத்திப் பதினாலு. அதுக்கு மேல ஏத்தச் சொல்லாதீங்க, சித்தப்பா” என்றான். முன்பக்கம் ஐந்து, பின்பக்கம் நான்கு. சுற்றுகளை வாய்விட்டு எண்ணினான், நான் சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். தராசுக்கும் அலைன்மென்ட்டுக்கும் கொடுத்த பணத்தை மறுபடி ஒருமுறை கொடுக்கவேண்டி வந்தது.

நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே பாதையில், அதே வளைவில், கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு போனோம். மேடு வந்தது, வண்டி ஒருமுறை மூச்சை உள்ளிழுத்து விட்டது, வளைவு முடிந்தது. கொட்டகைக்குத் திரும்பியதும் அவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் டார்ச்சோடு குனிந்தான். நாடா ரப்பர்க் கட்டைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றிருந்தது. நோட்டைத் திறந்து, தேதியைப் போட்டு, ‘18 கிளிக், இரண்டு பக்கமும்’ என்று எழுதிவிட்டு, என் பழைய சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.